செத்தவர் வண்டியின் விசில்

கரிந்த இன்ஜின் ஆயிலும் கனிந்த மாம்பழமும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாசனை வரும். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, தெரியாமலே இருக்கட்டும். போன மாதம் சித்தூர் பைபாஸில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். எங்கிருந்தோ அந்த வாசனை வந்தது. யாருடைய டிராக்டரிலோ காய், யாருடைய லாரியிலோ புகை, அவ்வளவுதான். ஆனால் டீ சட்டையில் கொட்டிவிட்டது. "இன்னா சார், சூடு ஜாஸ்தியா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எதைச் சொல்வது? சாவியைப் பிடுங்கின பிறகும் ஒரு வண்டி நிற்காமல் அலறியதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எப்படிச் சொல்வது?

அது நடந்து இருபது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. வீட்டுக்கு வீடு செல்போன் முளைத்துக்கொண்டிருந்த காலம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பக்கம் பாஸ்போர்ட்டும் அப்படித்தான் முளைத்தது. தறி ஓட்டினவன் மெட்ராஸ் கம்பெனிக்குப் போனான், படித்தவன் பெங்களூருக்குப் போனான், இரண்டிலும் சேராத நான் குவைத்துக்குப் போனேன். ஒரு பெரிய வீட்டில் டிரைவர். கார் கண்ணாடி வழியாக மணலைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் மணல் தெரிய ஆரம்பித்த ஒரு நாளில், போதும் என்று கிளம்பி வந்துவிட்டேன். கொண்டு வந்ததைப் போட்டு ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மாங்காய் ஏற்றி, சித்தூர் தாண்டிப் பங்காருபாளையம் பக்கம் இருக்கிற ஜூஸ் ஃபேக்டரியில் இறக்குவது என்று திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. வண்டிதான் மேடு ஏறவில்லை.

காலியாக ஓட்டினால் குதிரை. லோடு ஏற்றினால் கர்ப்பிணிக் கழுதை. சித்தூர் ரோட்டில் ஒரு நீளமான மேடு உண்டு. அங்கே இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர், அப்புறம் கோவிந்தா. சைக்கிள்காரர் தள்ளிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார். எனக்குப் பின்னால் கிளம்பின வண்டிகளெல்லாம் முன்னால் போய் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டிவிடும். வெயிலில் காத்துக் காத்து அடியில் கிடக்கிற காய் குழைந்து, சாறு பலகை இடுக்கில் ஒழுகி, ஈ மொய்க்கும். தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து ஃபோன். பழைய வீட்டிலேயே டிரைவர் இடம் காலி, விசா அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். சீசன் முடிகிற வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இந்த சீசன் ஓட்டிப் பாரு. வண்டி சோறு போட்டா இங்கியே இரு. போடலையா, நானே பொட்டி கட்டித் தரேன். நடுவுல தொங்கினு மட்டும் இருக்காத, என்னால பாக்க முடியல."

பெட்டி கட்டித் தருகிறேன் என்றவள் அன்றைக்குத் தட்டைத் தொடவில்லை.

ரேணிகுண்டாவில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார்; இரண்டு பாஷையிலும் கிண்டல்தான் பேசுவார். மனைவியும் நானும் வண்டியை அங்கே கொண்டு போனோம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பானட்டைத் திறந்தார்.

"இன்ஜின் நல்ல இன்ஜின்தான்னா. மூச்சு பத்தல. டர்போ சின்னப் பிள்ளை டர்போ. ஆஸ்துமாக்காரன் திருமலைக்கு நடந்து போற மாதிரி ஏறுது."

டர்போ என்றால் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் இரும்பு. அதற்குள் இரண்டு சின்னச் சக்கரங்கள், ஒரே தண்டில். இன்ஜின் வெளியே விடுகிற புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும்; அந்தச் சுழற்சியில் மறு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். விட்ட மூச்சைக் கொண்டே அடுத்த மூச்சை இழுப்பது. பெரிய டர்போ என்றால் பெரிய மூச்சு.

"புதுசு போட்டா?" என்றேன். விலை சொன்னார். முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சேர்த்துக்கொண்டார்: "அதுக்கு ரெண்டு எருமை வாங்கிக் கட்டு. பால் ஊத்திப் பொழைக்கலாம். மேடு ஏற வேண்டிய வேலையே இல்ல."

நாங்கள் நகராமல் நின்றதைப் பார்த்துப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். உள்ளே வெயில் ஓட்டை ஓட்டையாக விழுந்திருந்தது. கதவில்லாத கேபின்கள், விளக்கில்லாத முகங்கள். ஓர் அலமாரியிலிருந்து சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார்.

"ஆக்சிடென்ட் வண்டில இருந்து கழட்டினது. நின்னுனு இருந்த லாரிக்குப் பின்னால போய்ச் சொருகிட்டான். முன்பக்கம் அப்பளம். இது மட்டும் எப்படித் தப்பிச்சதோ, ஒரு கீறல் இல்ல."

விரலால் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. நாங்கள் பேசி முடித்தும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓட்டினவரு?" என்று என் மனைவி கேட்டாள்.

அவர் விரலை மேலே காட்டினார். "ஏழுமலை மேல இல்லக்கா. அதுக்கும் மேல."

அதனால்தான் சல்லிசு. அதனால்தான் எங்களால் வாங்க முடிந்தது. வேறு மாடல் வண்டியின் டர்போ என்பதால் நடுவில் ஒரு பிளேட் அறுத்து வைத்து, ஆயில் பைப்பை வளைத்து, கேஸ்கட் மாற்றிப் பூட்டினார். "மாலை புதுசு, வேட்டி புதுசு. மாப்பிள்ளை மட்டும் ரெண்டாந்தாரம்" என்று சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப இதுக்குள்ள ஓடப்போறது செத்தவன் மூச்சு" என்றாள்.

எங்கள் பக்கம் பயம் வந்தால் முதலில் கைக்கு வருவது மஞ்சள் துணி. அதில் ஒரு காசை வைத்து முடிந்து, மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு, காரியம் முடிந்ததும் திருமலை உண்டியலில் சேர்ப்பது. முடுப்பு என்போம். வண்டிக்கென்றால் முன் கண்ணாடியில் கட்டுவதுதான் வழக்கம். இவள் அதற்கு ஒப்பவில்லை.

"பயம் இருக்கறது பானட்டுக்குள்ள. கண்ணாடியில கட்டி இன்னா புண்ணியம்?"

மெக்கானிக்குக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "இரும்புல கட்டாதக்கா, துணி கருகிடும். அபசகுனம்னு அப்புறம் என் உயிர எடுப்ப. இந்தா, இந்த ரப்பர் ஹோஸ்ல கட்டு. இது சூடே ஆவாது" என்று இடத்தைக் காட்டி, டார்ச்சையும் பிடித்தார். மனைவி மஞ்சள் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். மூன்று பேரும் மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டோம்.

மறுநாள் முதல் லோடு. மேட்டில் மூன்றாவது கியரில் இருந்தபோது அது ஆரம்பித்தது.

விசில் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இயந்திரம் போடுகிற விசில் போல இல்லை. யாரோ உதட்டைக் குவித்து, பல்லிடுக்கில் காற்றை விட்டு, தெரியாத மெட்டு ஒன்றைத் தேடுகிற மாதிரி. மேலே போகும், ஓர் இடத்தில் லேசாக நடுங்கும், மறுபடி மேலே போகும். டர்போவுக்கு டர்போ குரல் வேறு என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். குரல் என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. ஆனால் வண்டி ஏறியது! இரண்டாவது கியருக்கே போகாமல் ஏறியது. எனக்கு முன்னால் போன இரண்டு டிராக்டரையும் ஒரு லாரியையும் முந்தினேன். தன்னந்தனியாகக் கத்தினேன். விசிலும் கூடவே கத்தியது.

மேடு முடிந்து இறங்குகிற திருப்பத்தில், ரோட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. வாசலில் மூங்கில் படல், உள்ளே புளிய மரம், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. நான் திருப்பத்துக்காக வேகத்தைக் குறைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்து படலைத் திறந்தார். ஆள் நுழைகிற அளவுக்கு இல்லை. வண்டி நுழைகிற அளவுக்கு, அகலமாக. பிறகு என்னைப் பார்த்தார். நான் தாண்டிப் போய்விட்டேன். பக்கக் கண்ணாடியில், படலைப் பிடித்தபடி நின்றுகொண்டே சின்னதானார்.

யாருக்கோ காத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். அடுத்த லோடிலும் திறந்தார். அதற்கடுத்த லோடிலும். அந்த வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. அந்நிய வண்டியைப் பார்த்தால் நாய் குரைக்க வேண்டும், துரத்த வேண்டும். இது வாலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தது. பிறகு திரும்பிப் போய், புளிய மரத்தடியில் ஒரு வட்டம் போட்டுப் படுத்தது. அது படுத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் டயர் பதிந்த பள்ளம் இருந்ததை ஒருநாள் பார்த்தேன். ஏதோ ஒரு வண்டி தினமும் வந்து நின்ற இடம்.

ஒரு மத்தியானம், காலி வண்டியாகத் திரும்பும்போது பொறுக்க முடியாமல் நிறுத்தினேன். என் மனைவி வயதுதான் இருக்கும் அவருக்கு. எங்கள் பக்கத்துத் தமிழே பேசினார்.

"இன்னாம்மா, நான் வரச்சொல்லோ எல்லாம் படல தொறக்கறீங்களே, யாராவது வரணுமா?"

வெட்கப்பட்டுச் சிரித்தார். "இல்லண்ணா. இந்த சத்தம். எங்க வூட்டுக்காரர் வண்டி சத்தம் இது. மேட்டு மேல வரச்சொல்லோவே கேக்கும், உடனே தொறந்து வெச்சிடுவேன். கொஞ்சம் லேட்டானா ஆரன் அடிச்சிக்கினே நிப்பாரு மனுஷன். ஊரே சிரிக்கும்."

"அவரு இப்ப..."

"போயிட்டாருண்ணா. எனக்குத் தெரியாதா? நாந்தானே அழுது அனுப்பி வெச்சேன். மனசுக்கு நல்லாத் தெரியுது. காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

பழைய டர்போ வாங்கிப் போட்டதைச் சொன்னேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். ரேணிகுண்டா என்றேன். "அங்கதான் வண்டிய இழுத்துக்கினு போனாங்க" என்று தலையாட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, பக்கத்தில் வந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. "ரொம்பக் கொதிக்குது. ஆற வெச்சி எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நேராகப் போய் பானட்டைத் திறந்து, முடுப்பின் மேல் மஞ்சள் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். அதிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

"இன்னிக்கும் வந்துச்சா அந்தப் பொம்பள?"

"வந்தாங்க."

இன்னொரு சுற்று.

"வேற வழியில போயேன்யா."

வேறு வழி இருந்தது. சுற்று வழி. ஆனால் இந்த வழியில்தான் மேடு. மேட்டில்தான் நான் மற்றவர்களை முந்துகிறேன். விட்டுப்போன தோட்டக்காரர்கள் திரும்பி வந்திருந்தார்கள். ஃபேக்டரி வரிசையில் என் வண்டி முன்னால் நின்றது. குவைத் ஃபோனை இனி எடுக்கவே வேண்டாம் என்கிற இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தேன். செத்தவர் மூச்சு என்றாலும் அது என்னை என் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் விசில் இறங்க வேண்டும். முதலில் இறங்கியது. போகப்போக, காலை எடுத்த பிறகும் ஒரு கணம் கூடுதலாக நீண்டது. வேறு யாருடைய காலோ இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி. புகையிலும் ஒரு நீலம் தெரிந்தது, ஆயிலும் குறைந்தது. மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். "ரெண்டாந்தாரத்து மாப்பிள்ளை கொஞ்சம் குடிப்பான்னா. ஊத்திக் குடு" என்றார். ஊற்றினேன்.

சீசன் கடைசி. காயெல்லாம் பழுத்து, தொட்டால் அமுங்குகிற பருவம். உச்சி வெயிலில் முழு லோடோடு மேட்டில் ஏறினேன். விசில் எப்போதும் நடுங்குகிற அந்த இடத்துக்கு வந்தது. நடுங்கவில்லை. தாண்டி மேலே போனது. உச்சியில் காலை எடுத்தேன். இறங்கவில்லை. இன்னும் மேலே போனது. வண்டி இறக்கத்தில் தானாக ஓட ஆரம்பித்தது, நான் எதையும் மிதிக்காமல்.

பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, திருப்பத்தில் ஓரம் கட்டினேன். கியரில் வைத்தே அடக்கப் பார்த்தேன். தேய்ந்த கிளட்ச் புகைந்ததே தவிர இன்ஜின் அடங்கவில்லை. சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. சாவியை உருவி எடுத்தேன். சாவி என் கையில் இருந்தது, வண்டி அலறிக்கொண்டிருந்தது. விசில் இப்போது விசில் இல்லை. மனிதத் தொண்டையால் தாங்க முடியாத ஓர் ஓலம். பின்னாலிருந்து வெள்ளைப் புகை கொட்டி, ரோடு மறைந்து, புளிய மரம் மறைந்து, என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. கரிந்த ஆயில் வாசனை. அதற்கு மேலே, அதிர்ந்து நசுங்குகிற மாம்பழ வாசனை. எதிரில் வந்த பஸ் தூரத்திலேயே நின்றுவிட்டது. இறங்கி ஓடு, வெடிக்கப் போகிறது என்று யாரோ தெலுங்கில் கத்தினார்கள். ஓடியிருக்க வேண்டும். கியரை எடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து இறங்கினேன். ஆனால் என் கால் ஓடவில்லை. ஓடினால் நேராகக் குவைத்துக்குத்தான் ஓட வேண்டும் என்பது போல அந்த வெள்ளைக்குள்ளேயே நின்றேன்.

புகையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பெண் வந்தார். தோளில் தண்ணீர் சொட்டுகிற கோணிப்பை.

"மூக்கு! மூக்கப் பொத்துங்க!"

எனக்குப் புரியவில்லை. என் மூக்கைப் பொத்தச் சொல்கிறார் என்று பொத்திக்கொண்டேன்.

"உங்க மூக்கு இல்லய்யா! வண்டி மூக்கு! பானட்டத் தொறங்க!"

திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. காற்று இழுக்கிற ஃபில்டர் பெட்டியைக் காட்டினார். கிளிப்பைப் பிய்த்து மூடியை எறிந்தேன். அவர் ஈரக் கோணியை மடித்து, உள்ளே தெரிந்த குழாய் வாயில் அமுக்கினார். வண்டி அதை உறிஞ்சியது. பார்த்தேன், கோணி உள்ளே போனது, அவர் கையும் கூடவே போனது. நானும் அவர் கை மேல் கை வைத்து அமுக்கினேன். ஒரு பெரிய விலங்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அது திமிறியது, உதறியது, இருமியது. ஒரு குலுக்கல். நின்றது.

இன்ஜின் நின்ற பிறகும் உள்ளே டர்போ சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. விசில் மெல்ல மெல்ல இறங்கியது. உதடு குவித்து ஊதுகிறவன் ஊதியபடியே நடந்து தூரமாகப் போகிற மாதிரி. அந்தப் பெண் அசையவில்லை. தலையைச் சாய்த்து, அது முழுக்க அடங்குகிற வரைக்கும் கேட்டார். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முன்ன ஒரு தபா அவருக்கும் இப்பிடி ஆச்சு. வாசல்லயே. அவருதான் கோணிய வெச்சிப் பொத்தினாரு, நான் தண்ணி ஊத்தினேன்" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, யாரிடமோ சொன்னார்: "கடைசியா நின்னப்ப நான் பக்கத்துல இல்ல."

உள்ளங்கை வெந்து சிவந்திருந்தது. நாய் வந்து அதை முகர்ந்து பார்த்தது.

ஃபோன் போட்டதும் மெக்கானிக் அடுத்த பஸ்ஸிலேயே பையோடு வந்து இறங்கினார். பானட்டுக்குள் தலையை விட்டவர் வெகு நேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"அக்கா கழுத்த நெரிச்சிட்டாங்கன்னா."

காட்டினார். முடுப்பு கட்டின ரப்பர் ஹோஸ். சூட்டில் இளகின பழைய ரப்பர், சுற்றுக்கு மேல் சுற்றாக இறுக்கிய மஞ்சள் கயிறு. நடுவில் இடுப்பு மாதிரி ஒட்டிப்போய், காற்று நுழைய வழியில்லை. இன்ஜின் உள்புகையை வெளியே விடுகிற குழாய் அதுதானாம். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, டர்போவுக்குப் போன ஆயில் திரும்பி இறங்க முடியாமல், காற்றோடு கலந்து இன்ஜினுக்குள்ளேயே போய்விடும்.

"டீசல நிறுத்தினா டீசல் வண்டி நிக்கும். தன் ரத்தத்தையே குடிச்சி ஓடறத எந்தச் சாவி நிறுத்தும்?" என்றவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இடம் காட்டினது நாந்தான். டார்ச்சும் பிடிச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

செத்தவரைப் பற்றிய பயத்தில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கட்டிய முடிச்சு. ஓடுகிற ஒன்றின் மூச்சை அதுதான் மெதுவாக, நாளுக்கு ஒரு சுற்றாக அடைத்திருக்கிறது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

கயிற்றை அறுத்து, குழாயை மாற்றி, தேங்கிய ஆயிலைத் துடைத்து, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது எல்லோரும் பத்தடி தள்ளி நின்றோம். ஈரக் கோணியோடு அந்தப் பெண் மட்டும் பக்கத்தில் நின்றார். மெக்கானிக் சாவியைத் திருப்பி அணைத்ததும் இன்ஜின் நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி நின்றது. பாதிக்குப் பாதி கூழாகிப்போன லோடு ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. கூழாக்கத்தானே வாங்குகிறார்கள் என்று மெக்கானிக் அங்கேயும் ஒரு ஜோக் அடித்தார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் மனைவியைக் கூட்டிப் போனேன். நிறையப் பேச வேண்டும் என்று வந்தவள், அந்தப் பெண்ணின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்தான் பேசினார். "ரொம்ப பயந்துட்டீங்களா, அக்கா? அவரு யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாரு. கோழி அறுக்கவே பயப்படுவாரு." இருவரும் சிரித்து, அப்புறம் அழுதார்கள். முடுப்புக் காசை மனைவி மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்த்தாள். குவைத்துக்கு நான் வரவில்லை என்று ஃபோன் செய்தேன்.

அதற்கப்புறம் படல் திறக்கவில்லை. நான் போகும்போது வாசலில் நின்று கையை மட்டும் அசைப்பார். அடுத்த சீசனுக்கு முன்னால் ஒருநாள் கையைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"ரேணிகுண்டா ஸ்டேஷன்ல விட முடியுமாண்ணா? மெட்ராஸ் போயி அங்கிருந்து ஃபிளைட்டு. குவைத். வூட்டு வேலை."

நான் விட்டுவந்த மணலுக்கு அவர் கிளம்பியிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். குறிப்பிட்ட நாளில் ஒரு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நாயை எங்கள் வீட்டில் விட்டாயிற்று. அது வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, சொந்த வீடு மாதிரி. வழியெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பாஸ்போர்ட் நகலைத் துணிக்குள் தைத்து வையுங்கள், தண்ணீருக்கு மாய் என்று சொல்லுங்கள், வீட்டுக்காரி கத்தினால் கீழே பாருங்கள், அழுகை வந்தால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காது மட்டும் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

மேட்டில் விசில் ஏறியபோது சொன்னார்: "வெளிய இருந்துதான் கேட்டிருக்கேன். உள்ள ஒக்காந்து கேட்டதே இல்ல. ஒரு தபா கூட இட்டுக்கினு போனதில்ல மனுஷன்."

இன்றைக்கும் பயந்து எதையாவது இறுக்கிக் கட்டப் போகும்போது என் கை ஒரு கணம் நின்று, இதற்குள் எதன் மூச்சுக் குழாய் மாட்டியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறது. அந்தத் தடவலை எனக்குக் கற்றுக்கொடுத்தது, நான் ஒரு சீசன் முழுக்கப் பயந்துகொண்டே தாண்டிப் போன ஒரு வாசல்தான்.

ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் தொட்டேன். அவர் திரும்பி நின்றார்.

"ஆஃப் பண்ணாதீங்கண்ணா. நான் உள்ள போற வரைக்கும் ஓடினு இருக்கட்டும்."